கேன்சர் வார்டுல பார்த்த சின்ன வயசுக்காரங்க: மனசை விட்டுப் போகாத ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்க

தாம்பரம் பாசஞ்சர்

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தது. அக்கா பையனுக்கு ஏ.எல்.எல்.னு ஒரு வகை ரத்தப் புற்றுநோய். முதல் ரவுண்டு கீமோ சமயம் ராத்திரி துணைக்கு நான்தான். வார்டு எப்படி இருக்கும்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன்.

பக்கத்து பெட்ல ஒரு பையன். பிளஸ் டூ, திருவண்ணாமலைப் பக்கம். அவனுக்கும் அதே வியாதி. அப்பா லாரி ஓட்டுறவர். மறுநாள் காலையில முதுகுல ஊசி போடணும், ரத்தம் உறைய வைக்கிற பிளேட்லெட் கவுண்ட் 18,000தான், அதை ஏத்தாம போட மாட்டாங்க. அவர் எங்கெங்கயோ போன் போட்டு, செங்கல்பட்டுலேர்ந்து ஒரு தம்பியைக் கூட்டிட்டு வந்து, அந்தத் தம்பி மெஷின்ல உட்கார்ந்து கொடுத்து, சாயங்காலம் பை ரெடி. அந்த நேரம் பார்த்து எதிர் பெட்ல ஆறு வயசுப் பாப்பாவுக்கு மூக்குல ரத்தம். நிக்கவே இல்ல. கவுண்ட் 6,000. அவங்க அம்மா துணியை மாத்தி மாத்தி வச்சுட்டிருக்காங்க. டோனர் கிடைக்கல. ரெண்டு பேருக்கும் பி பாசிட்டிவ்தான்.

டாக்டர் அந்த அப்பாகிட்ட வந்து நின்னாங்க. இன்னும் வாயைத் திறக்கக்கூட இல்ல. இவன் போர்வைக்குள்ளேர்ந்து சொல்றான்: "எனக்கு ஒண்ணும் ஒழுகலியே மேடம். பாப்பாவுக்குப் போடுங்க. என் ஊசியை நாளைக்கழிச்சு வச்சுக்கலாம்." சொல்லிட்டுப் போனை எடுத்து கேம் ஆட ஆரம்பிச்சுட்டான். அவங்க அப்பா கையில இருந்த ரசீதை மடிக்கிறார், பிரிக்கிறார், திரும்ப மடிக்கிறார்.

நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவன் கேம் எதுவும் ஆடல. கட்டைவிரல் மட்டும் ஓடுது, ஸ்கிரீன் அணைஞ்சு கிடக்கு. அதுதான் இன்னும் போக மாட்டேங்குது.

உங்களுக்கு அப்படி யாராவது?

ரத்த வங்கி நைட் டூட்டி

பையன் பெரிய மனசுக்காரன், சரி. ஆனா படிக்கிறவங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுன்னு ஒரு திருத்தம். ஒரு பெட்டுக்குன்னு வந்த பையை அடுத்த பெட்டுக்குத் தூக்கிப் போட முடியாது. பேஷண்ட் பேர்ல லேபிள் ஒட்டித்தான் வெளியே வரும். பிரிக்காம திரும்ப எங்ககிட்ட வரணும், டாக்டர் புது ரிக்விசிஷன் போடணும், லேபிள் மாத்தி மறுபடி இஷ்யூ பண்ணணும். உங்க கதையிலயும் அப்படித்தான் நடந்திருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.

சொல்ல வந்ததோட சேர்த்துச் சொல்லிடுறேன். எஸ்.டி.பி.ன்னு நாங்க சொல்றது ஒரே ஆள்கிட்ட மெஷின் மூலமா பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சு எடுக்கிறது. மத்ததெல்லாம் உங்க உடம்புக்கே திரும்பிடும். ஒண்ணு ஒண்ணரை மணி நேரம் ஆகும். எடை 50 கிலோவுக்கு மேல, உங்க கவுண்ட் ஒண்ணரை லட்சத்துக்கு மேல இருக்கணும். மூணு நாளைக்குள்ள ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. உதடு மரமரன்னா பயப்படாதீங்க, உடனே சொல்லுங்க, கால்சியம் மாத்திரை தருவாங்க. 48 மணி நேரம் கழிச்சு மறுபடி கொடுக்கலாம், வருஷத்துக்கு 24 தடவை வரைக்கும். எடுத்த பை அஞ்சே நாள்தான் தாங்கும், அதுவும் 20-லேர்ந்து 24 டிகிரியில ஆட்டிக்கிட்டே வைக்கணும், ஃப்ரிட்ஜ்ல வைக்க முடியாது. அதனாலதான் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைக்க முடியலன்னு தினமும் கவுண்டர்ல விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை போச்சு.

என் பங்குக்கு: ஒரு இன்ஜினியரிங் பொண்ணு, ஏ.எம்.எல்.னு இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய், வைத்தியம் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப, தனக்கு டோனர் பிடிக்க வச்சிருந்த நோட்டை எங்க கவுண்டர்ல கொடுத்துட்டுப் போச்சு. கிளாஸ்ல எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் கொடுக்கிறேன்னு முதல் பக்கத்துல கையெழுத்தே வாங்கி வச்சிருந்தது. பேர், குரூப், எடை, கடைசியாக் கொடுத்த தேதி. கடைசியா ஒரு குறிப்பு. ஒருத்தனுக்கு நேரா எழுதியிருந்தது: "ஊசியைப் பார்த்தா மயக்கம் போடுவான், ஆனா வருவான். கூட ஒருத்தரை அனுப்பவும்."

மீனாட்சி பட்டணம்

எல்லாரும் கையைத் தட்டுறீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

என் தம்பிக்கு முழங்கால் எலும்புல கட்டி. 19 வயசு. வீட்டுக்கு வர்ற சொந்தக்காரய்ங்க பூராம் "சிங்கக்குட்டிடா நீ", "ஒன்னையப் பார்த்துத்தான்டா எங்களுக்கே தெம்பு"ம்பாய்ங்க. அவன் சிரிச்சுக்கிட்டே காப்பி குடுப்பான். அவய்ங்க போனதும் கதவைச் சாத்திக்கிட்டு துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கிடப்பான். அழுதா வந்தவய்ங்க ஏமாந்து போவாய்ங்கன்னு அவனுக்கு ஒரு நெனப்பு. அந்தப் போர்வைப் பையனையும் எனக்கு அப்படித்தான் தோணுது. 17 வயசுப் பிள்ளை முன்னாடி அந்தப் பேச்சுக்கு ஏன் வந்து நிக்கணும்? அப்பனைத் தனியா வராண்டாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?

என் தம்பி குடுத்ததுன்னு சொல்லணும்னா வேற ஒண்ணு இருக்கு. அட்ரியாமைசின்னு செகப்பு மருந்து தெரியும்ல. ஏத்துனதுக்கப்புறம் ஒண்ணுக்கு செகப்பாப் போகும். பெரியவங்களே ரத்தம்னு நெனச்சு அலறிருவாங்க. இவன் என்ன செய்வான்னா, புதுசா வர்ற சின்னப் புள்ளைக பெட்டுகிட்ட ஸ்டாண்டை உருட்டிக்கிட்டே போயி, "டேய், இன்னைக்கு நமக்கு ரோஸ்மில்க் வரும், யாருக்கு ஜாஸ்தி கலர்னு பந்தயம்"பான். புள்ளைக பாத்ரூமுக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடுங்க. ஒரு பய ஓடி வந்து "அண்ணே எனக்கு வந்துருச்சு அண்ணே"ன்னு வார்டே கேக்கக் கத்துனான். நர்சம்மா சிரிச்சுச் சிரிச்சு ட்ரேயைக் கீழ வச்சுட்டாங்க.

அதைச் செய்யச் சொல்லி அவன்கிட்ட ஒருத்தரும் கேக்கல. அதான் வித்தியாசம்ங்கறேன்.

இயற்கை வாழ்வு

ரயிலில் ஒரு முறை மாஸ்க் போட்ட ஒரு பெண்ணைப் பார்த்தேன். தலையில் முடி இல்லை. கர்ப்பிணி ஒருவருக்குத் தன் லோயர் பெர்த்தைக் கொடுத்துவிட்டு மேலே ஏறினார். கண் கலங்கியது.

அன்பர்களே, இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கஷ்டம் தேவையா? முள்சீத்தா இலைக் கஷாயம் காலை வெறும் வயிற்றில். கோதுமைப் புல் சாறு ஒரு டம்ளர், வடிகட்டாமல் குடிப்பது உத்தமம். வெள்ளைச் சர்க்கரையை அடியோடு நிறுத்த வேண்டும், அதுதான் கட்டிக்குத் தீனி. பால் கூடாது. ஏ.சி. கூடாது. மஞ்சளும் மிளகும் நல்லெண்ணெயில் குழைத்து ஒரு மண்டலம் எடுத்தால் ரத்தம் தானே சுத்தியாகும். நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. செயல்முறை வேண்டுவோர் தனிச்செய்தியில் கேட்கவும்.

மருந்துக்கடை அக்கா

மேலே உள்ளதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கீமோவில் வெள்ளை அணு விழுந்து கிடக்கும் பிள்ளைக்கு வடிகட்டாத பச்சைச் சாறு கொடுப்பது கிருமியைக் கையால் ஊட்டுவதுதான். அதனால்தான் எல்லாவற்றையும் வேக வைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். கஷாயம், பொடி எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் கூடாது. மருந்தோடு மோதினால் கல்லீரல்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பாரசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்றும் இருக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று, ரயிலைப் பற்றிப் பேச்சு வந்ததால். கேன்சர் நோயாளி வைத்தியத்துக்குப் போய் வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் படிவத்தில் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முழுக் காசு கொடுத்துப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். இதைச் சொல்லத்தான் உள்ளே வந்தேன், கதை ஒன்றும் இல்லை.

வடமராட்சி

மீனாட்சி பட்டணம் அக்கா சொன்னதை வாசிச்சாப் பிறகுதான் எழுதோணும் போல கிடந்தது.

முந்தி இலங்கையிலை எங்கட யாழ்ப்பாணப் பக்கத்திலை கேன்சர் எண்டால் தெற்குக்குத்தான் போகோணும். 2011இலை தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலை இருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரைக்கும் 27 நாள் நடந்து காசு சேர்த்தவை, அந்தக் காசிலைதான் எங்கட பக்கம் தெல்லிப்பழையிலை கேன்சர் ஆஸ்பத்திரி வந்தது. கடைசி நாள் பருத்தித்துறையிலை நானும் சனத்தோட சனமாய் நிண்டனான். நான் சொல்லப் போறது அதுக்கு முந்தின கதை.

தெற்கிலை ஒரு வார்டிலை அக்கான்ர பிள்ளையோட நிண்டனான். எங்களுக்குச் சிங்களம் ஓடாது. அங்கை கிளிநொச்சிப் பெட்டை ஒண்டு, ஏ.எல். (உங்கட பிளஸ் டூ மாதிரி) படிக்க வேண்டிய வயசு, லிம்போமா எண்ட நிணநீர்ப் புற்றுநோய். படுக்கையிலை கிடந்து கிடந்தே சிங்களம் பிடிச்சிட்டுது. தமிழ்த் தாய்மாருக்கு எல்லாம் அவதான் வாய். எந்த மருந்து சாப்பாட்டுக்கு முன்னம், எது பின்னம், ஆரின்ர ரிப்போட் எப்ப வரும், எல்லாம் அவவைத்தான் கேக்கிறது. தனக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கேக்கையும் மற்றக் கையாலை எழுதிக் குடுப்பா. சத்தி (வாந்தி) வந்தால் கொஞ்சம் பொறுங்கோ எண்டிட்டு, எடுத்திட்டு, விட்ட இடத்திலை இருந்து சொல்லுவா.

ஒரு நாள் டொக்டர் ஒரு தாயோட கதைக்க வந்தவர். வழமை போல இவ எழும்பி வந்து நிண்டவ. அவர் கனநேரம் கதைச்சவர். கதைச்சு முடிச்சிட்டு இவவைப் பார்க்கிறார். தாய் பார்க்கிறா. நாங்கள் எல்லாரும் பார்க்கிறம். இவ பேசாமல் நிண்டிட்டு, டொக்டரிட்டைச் சிங்களத்திலை ஏதோ சொல்லிப் போட்டு, தாயிட்டைத் திரும்பி, "அன்ரி, இது நான் சொல்லுற கதை இல்லை. தமிழ் தெரிஞ்ச நேர்ஸ் மிஸ் பின்னேரம் வருவா, அவ சொல்லுவா. அங்கிளையும் வரச் சொல்லுங்கோ" எண்டா. டொக்டர் தலையை ஆட்டிப் போட்டுப் போயிட்டார். பின்னேரம் வரைக்கும் அந்தத் தாயின்ர கட்டில் நுனியிலைதான் இருந்தவ. ஒரு சொல்லும் கதைக்கேல்லை. மற்ற ஆக்கள் என்னவாம் எண்டு கேக்க, விளங்கேல்லை எண்டு சொல்லிப் போட்டா.

அவவுக்கு எல்லாம் விளங்கினது. எங்களுக்கும் தெரியும்.

ஸ்காபரோ அப்பா

வடமராட்சி, உங்கட கதைக்குப் பிறகு எழுதக் கூச்சமாக் கிடக்கு. சுருக்கமாச் சொல்லுறன்.

இங்கை கனடாவிலை ஒவ்வொரு செப்டம்பரும் பள்ளிக்கூடங்களிலை டெரி ஃபொக்ஸ் ஓட்டம். தெரியாத ஆக்களுக்கு: டெரி ஃபொக்ஸ் ஒரு கனடாப் பெடியன். மீனாட்சி பட்டணத்தின்ர தம்பிக்கு வந்த அதே முழங்கால் எலும்புப் புற்றுநோய்தான், 1977இலை, 18 வயசிலை. இப்ப மாதிரிக் காலைக் காப்பாற்றி உள்ளுக்கை உலோக மூட்டு வைக்கிற காலம் இல்லை அது, வலது காலை வெட்டி எடுத்தாச்சு. வார்டிலை கண்ட சின்னப் பிள்ளையளை மறக்க ஏலாமல், 1980 ஏப்ரல் 12 நியூஃபவுண்ட்லாந்திலை இருந்து செயற்கைக் காலோட ஓடத் தொடங்கினவர். ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்க. நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு மரதன் ஓட்டத் தூரம். 143 நாள், 5,373 கிலோமீற்றர். தண்டர் பே கிட்ட நுரையீரலுக்குப் பரவினது தெரிஞ்சு நிப்பாட்டினவர். 1981 ஜூன் 28 செத்தவர், 22 வயசு. விளம்பரத்துக்கு முகம் குடுக்க மாட்டன் எண்டு சொன்னவர் எண்டதுதான் எனக்கு இதிலை பிடிச்சது. சென்னையிலை ஐ.ஐ.டி. வளாகத்துக்குள்ளையும் இந்த ஓட்டம் நடந்திருக்கு.

மகளின்ர வகுப்பிலை ஒரு பெடியன் லுக்கீமியா வைத்தியத்திலை. ஓட்டம் நடந்த நாள் சக்கர நாற்காலியிலை வந்தான். பிள்ளையள் எல்லாம் நெஞ்சிலை ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவினம், நான் இன்னாருக்காக ஓடுறன் எண்டு. வகுப்பு முழுக்க அவன்ர பேர்தான். அவன்ர நெஞ்சிலை பள்ளிக்கூடம் கூட்டுற மனிசன்ர பேர். தொண்டையிலை ஒப்பரேசன் செய்த ஆளாம். பெற்றோரிலை ஒருத்தருக்கும் தெரியாது, இவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு.

மீனாட்சி பட்டணம்

வடமராட்சி, அந்தப் புள்ளைக்கு "முடியாது"ன்னு சொல்லத் தெரிஞ்சிருக்கு. என் தம்பிக்கு அது கடைசி வரைக்கும் வரல.

பாசஞ்சர் தம்பி, அந்த லாரிக்கார அண்ணன் அப்புறம் என்ன சொன்னாரு? அவரை அப்படியே மடிச்ச ரசீதோட விட்டுட்டீங்க.

தாம்பரம் பாசஞ்சர்

நைட் டூட்டி சார், ஆமா, பை முதல்ல ரத்த வங்கிக்குத் திரும்பிப் போய்த்தான் வந்தது. நான் கதையைச் சுருக்கிட்டேன்.

அக்கா, அவரை ராத்திரி டீக்கடையில பார்த்தேன். செம கோபம். "நாலு ஊர் அலைஞ்சு ஆளைப் பிடிச்சுக் கூட்டியாந்தா, இவரு தர்மப்பிரபு" அப்படின்னு ஆரம்பிச்சு டீ ஆறுற வரைக்கும் திட்டினார். அந்தப் பாப்பாவோட அம்மா கையில பிஸ்கட் பாக்கெட்டோட வந்து பக்கத்துல நின்னதும் வாயை மூடிக்கிட்டார். அவங்க போனதும் என் பக்கம் திரும்பி, "உங்க குரூப் என்னா சார்?"னு கேட்டார். நான் ஓ பாசிட்டிவ். அவனுக்கு பி. வேற குரூப்னு சொன்னேன், தலையை ஆட்டிட்டு அடுத்த நம்பருக்குப் போன் போட்டார். ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஆள் கிடைச்சது, அப்புறம் ஊசி போட்டாங்க. நாங்க டிஸ்சார்ஜ் ஆகுறப்ப அவன் வார்டுல உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படிச்சுட்டிருந்தான்.

ரத்த வங்கி நைட் டூட்டி

அவசரத்துக்கு ஓ குரூப் பிளேட்லெட்டை பி பேஷண்ட்டுக்குப் போடலாம். ஆன்டிபாடி டைட்டர், அதாவது டோனர் ரத்தத்துல எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்குன்னு பார்த்துட்டு, டாக்டர் சரின்னா போடுவாங்க. அதே குரூப்தான் முதல் விருப்பம், ஆனா கிடைக்கலன்னா நிறுத்தி வைக்கணும்னு இல்ல.

தாம்பரம் பாசஞ்சர்

இதை அன்னிக்கு ராத்திரி அந்த டீக்கடையில யாராவது சொல்லியிருக்கலாம் சார்.