கயலுக்கு எந்த கிளிப்? (எங்கள் குடும்பக் குழுவில்)

அம்மா: கயலுக்கு எக்ஸ்ரே பார்த்தாச்சு. மேல்வரிசையில் இடம் பத்தாமல் சிங்கப்பல் ஈறுக்கு மேலேயே நிற்கிறதாம். இரண்டு பக்கமும் அதற்கு அடுத்த பல்லை எடுத்துவிட்டு மெட்டல் கிளிப் போடலாம் என்கிறார் டாக்டர். இவள் கம்பியில்லாமல் கழற்றி மாட்டும் கண்ணாடி மாதிரி பல் உறை, அந்த அலைனர்தான் வேண்டும் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

மாமா: பிள்ளை கேட்பதையே போடு அக்கா. மேற்கொண்டு ஆகும் செலவை நான் தருகிறேன்.

மதி அக்கா: மாமா, காசு அப்புறம். அலைனர் போட்டவள் சொல்கிறேன். தினம் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிட, காபி குடிக்கக் கழற்றணும், பல் துலக்கிவிட்டு மாட்டணும். பள்ளிக்கூடத்தில் மதியம் குழாயடியில் நின்று பல் துலக்குவாளா?

கயல்: துலக்குவேன். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் கம்பியோடு நிற்க மாட்டேன்.

மதி அக்கா: உன் சங்கடம் புரிகிறதுடா. ஆனால் அலைனருக்கும் பிடிப்புக்காகப் பல் மேல் பல் நிறத்தில் சின்னச் சின்ன மேடு ஒட்டுவார்கள், கிட்டத்தில் தெரியும். எனக்கு முன்பல்லில் லேசான சந்துதான், அது போதுமானதாக இருந்தது. உனக்குச் சிங்கப்பல் கீழே இறங்கணும், பல் எடுத்த இடமும் மூடணும். பல்லின் தலை மட்டும் சாய்ந்தால் போதாது, வேரும் சேர்ந்து நகரணும். அதற்குக் கம்பிதான் நம்பிக்கை.

பெரியம்மா: செராமிக் கிளிப் வெள்ளையாக இருக்குமே?

மதி அக்கா: பல்லில் ஒட்டி கம்பியைத் தாங்கும் பிராக்கெட் வெள்ளைதான் அம்மா. மேலே மாட்டும் கண்ணாடி நிற ரப்பர் வளையம் நம் சாம்பாருக்கு மஞ்சளாகிவிடும், அடுத்த முறை டாக்டர் மாற்றும்வரை அப்படியேதான். மெட்டலில் சாம்பல் நிற வளையம் கேட்டால் கறை தெரியாது.

பாட்டி: முறுக்கு கடிக்கலாமா?

மதி அக்கா: முறுக்கு, சீடை, கரும்பு வேண்டாம் பாட்டி, பிராக்கெட் பெயர்ந்துவிடும். முதல் சில நாள் இடியாப்பம், தயிர்சாதம் கொடுங்கள். கன்னத்தில் உரசினால் டாக்டர் தரும் மெழுகை உருட்டி கம்பி மேல் ஒட்டிக்கொள்ளட்டும்.

மாமா: எவ்வளவு நாள்?

அம்மா: இரண்டு வருடம் வரை ஆகலாமாம்.

மதி அக்கா: கழற்றியதும் பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிடெய்னர் போடணும் சித்தி. எது போட்டாலும் அது உண்டு. விட்டால் பல் பழைய இடத்தைத் தேடிப் போகும்.

கயல்: சிங்கப்பல் இறங்கின பிறகு அலைனருக்கு மாறலாமா?

மதி அக்கா: நல்ல கேள்வி. அப்படிச் செய்யும் டாக்டர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டுவிடு, செலவும் சேர்த்து.

அம்மா: சனிக்கிழமை போகிறோம். நீயும் வா மதி, நீ சொன்னால் கேட்பாள்.

மதி அக்கா: வருகிறேன் சித்தி. கயல், கேட்க வேண்டியதையெல்லாம் எழுதி வை.