இறக்குமதி செய்த பிரம்மா கோழிகளை வாங்கலாமா?

தலவாக்கலையில் ஐந்து வருடங்களாக நான் வளர்க்கும் பிரம்மா இனக் கோழிகள் அனைத்தும் ஒரே சோடியின் வழிவந்தவை என்பதால், இரத்த நெருக்கம் கூடி, குஞ்சு பொரிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. கடந்த மாசியில் வைத்த 24 முட்டைகளில் 7 மட்டுமே 21ஆம் நாள் பொரித்தன. அவற்றிலும் இரு குஞ்சுகளின் விரல்கள் உள்நோக்கி வளைந்திருந்தன. பொரிப்பானின் வெப்பத்தை 37.5 பாகையில் சரிபார்த்தேன், விரல் வளைவுக்குக் காரணம் ரைபோஃப்ளேவின் (பி2 விட்டமின்) குறைபாடாக இருக்குமோ என்று தாய்க்கோழிகளுக்கு பி விட்டமின் கொடுத்தேன், பதுளையிலிருந்து புதிய சேவலொன்றும் கொண்டுவந்தேன். அதுவும் என் கோழிகளின் உறவே என்று பின்னரே தெரியவந்தது.

இப்போது கொழும்பில் ஒருவர், வெளிநாட்டிலிருந்து தருவித்த 8 மாதச் சேவலொன்றையும் பேடுகள் இரண்டையும் விற்கிறார். இறக்குமதி அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் காட்டினார். கால் வளைய இலக்கங்களும் பொருந்துகின்றன. அழகான பறவைகள்தான். ஆயினும் ஒரு பேட்டின் கண்ணோரத்தில் சோப்பு நுரை போன்ற சிறு குமிழிகளைக் கண்டேன். அது மைக்கோபிளாஸ்மா என்னும் சுவாசநோய்க் கிருமியின் அறிகுறியாக இருந்தால், அக்கிருமி முட்டை வழியே குஞ்சுகளுக்கும் பரவும். மருந்து அறிகுறிகளைத் தணிக்குமே தவிர, கிருமியை முற்றாக அகற்றாது. இரத்தப் பரிசோதனைக்கு அவர் இணங்கவில்லை. 30 நாட்கள் தனித்து வைக்க என்னிடம் கொட்டில் உண்டு; ஆனால் நோய்க்காவிகள் அறிகுறியின்றியும் இருக்குமே.

பரிசோதனை இன்றி இம்மூன்றையும் வாங்கி என் இனவிருத்திக் கூட்டத்தில் சேர்ப்பது தகுமா?