தொங்கும் இருக்கை பறப்பு சிமுலேட்டர்: ஓரத்தில் உட்கார்ந்தால் படம் வளைகிறது, இறங்கினால் தலை சுற்றுகிறது. என்ன மாற்றச் சொல்லலாம்?

சாட்ஸ்வர்த் வானம்பாடி (கேள்வி):

வணக்கம். டர்பனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் பறப்பு சிமுலேட்டர் இருக்கிறது. வரிசையாக இருக்கைகள், தொங்கும் கால்கள், முன்னால் குழிந்த பெரிய திரை. விளக்கு அணைந்ததும் இருக்கைகள் மேலே எழும்பி நம்மைத் திரைக்கு நடுவில் நிறுத்தும். பூங்காவுக்குள் நுழைந்தால் நானும் என் பிள்ளைகளும் நேரே அங்கேதான் ஓடுவோம்.

இப்போது புதுப் படம் போடப்போகிறார்களாம். அடிக்கடி வருகிறவர்கள் குறைகளையும் யோசனைகளையும் எழுதிக் கொடுங்கள் என்று மேலாளரே கேட்டார். இப்படி யாரும் கேட்பதில்லை, அதனால் நன்றாக எழுதிக் கொடுக்க ஆசை.

குறைகளைச் சொல்கிறேன். ஓர இருக்கையில் உட்கார்ந்தால் கோபுரம், கட்டடம் எல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைகின்றன. அதைவிடப் பெரிய குறை தலைசுற்றல். முன்பு யாருக்கும் ஒன்றும் செய்யாது. படம் ஓட்டும் கருவியை மாற்றிய பிறகு, இறங்கி வருகிறவர்களில் பலர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் மகளும் இப்போது வர மறுக்கிறாள். போதாக்குறைக்கு, நடுவில் மின்சாரம் போனால் இருட்டில் தொங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் இளைஞர் குழுவில் எல்லோரும் "3டி கண்ணாடி கொடுங்கள், வேகத்தைக் கூட்டுங்கள்" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பூங்கா சின்னது, பெரிய செலவு தாங்காது.

போர்ட் லூயிஸ் திரைக்காரர்:

தங்கச்சி, நான் மொரிஷியஸில் திரையரங்குகளுக்குப் புரொஜக்டர் பொருத்தும் வேலையில் இருந்தவன். வளைவைப் பற்றி நான் சொல்கிறேன்.

குழிந்த திரையில் படம் சரியாகத் தெரிவது ஒரே ஒரு இடத்திலிருந்துதான், அதாவது நடுவிலிருந்து. அங்கிருந்து பார்த்தால் நேர்க்கோடு நேராக இருக்கும். பக்கவாட்டுக்குப் போகப்போக அந்தக் கோடு திரையின் வளைவைப் பின்பற்றுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். புரொஜக்டரை எப்படித் திருகினாலும் எல்லா இருக்கைக்கும் ஒரே நேரத்தில் நேராக்க முடியாது.

டிஸ்னிக்கே இது நேர்ந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2001-இல் 'சோரின்' பறப்பைத் திறந்தார்கள். ஒரு அரங்கில் 87 பேர், 80 அடி அகலக் குழிதிரை. முதல் படத்தில் பெரும்பாலும் மலை, ஆறு, கடல், ஆரஞ்சுத் தோப்பு. 2016-இல் உலகம் சுற்றும் புதுப் படம் வந்தது. அதில் ஐஃபெல் கோபுரமும் தாஜ்மகாலும் உண்டு. ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஐஃபெல் கோபுரம் வில்லாக வளைந்து தெரிந்தது. ரசிகர்கள் இன்றுவரை அந்தக் கோபுரத்தைத்தான் சொல்லிக் குறைப்படுகிறார்கள். திரை அதே மாதிரித் திரைதான். படத்துக்குத் தேர்ந்தெடுத்த பொருள்தான் மாறியது.

அதனால் உங்கள் பூங்காவுக்குச் செலவில்லாத யோசனை இதுதான்: புதுப் படத்தில் உயரமான நேர்க்கோட்டுக் கட்டடங்களைத் திரை நடுவில் பெரிதாக நிறுத்த வேண்டாம். குன்று, அலை, மேகம், வளைந்த ஆறு இவற்றைக் காட்டட்டும். மலை கொஞ்சம் வளைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கட்டடம் வேண்டுமென்றே ஆசைப்பட்டால் தூரத்தில் சின்னதாக வைக்கலாம்.

டோங்காட் அக்கா:

இதைப் படித்ததும் எனக்கு நம் மோசஸ் மபிடா மைதானம் நினைவுக்கு வந்தது. அதன் மேல் வளைவு 106 மீட்டர் உயரம், பிறந்ததே வளைவாகத்தான். டர்பனைக் காட்ட ஒரு கட்டடம் வேண்டுமென்றால் அதைக் காட்டட்டும்.

ஃபீனிக்ஸ் மின்னியல் தம்பி:

அக்கா, தலைசுற்றலைப் பற்றி நான் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி, கருவியை மாற்றிய பிறகுதான் தொந்தரவு தொடங்கியது என்பது.

இருக்கை உண்மையில் கொஞ்ச தூரம்தான் நகரும். மிச்சமெல்லாம் நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பை நம்பவைப்பது. முன்னால் வேகமெடுப்பதைக் காட்ட இருக்கையை லேசாகப் பின்னால் சாய்ப்பார்கள். முதுகு அழுந்தும், உடம்பு அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் நமக்கே தெரியாத அளவு மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். விமானிகளுக்கான பயிற்சி இயந்திரங்களிலும் இதே வித்தைதான். டிஸ்னிலாந்தில் 1987-இல் திறந்த 'ஸ்டார் டூர்ஸ்' அந்தப் பயிற்சி இயந்திரத் தொழில்நுட்பத்தை எடுத்துச் செய்ததுதான்.

இந்த வித்தை பலிக்க வேண்டுமென்றால் கண் பார்ப்பதும் காது உணர்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். கண் "இடப்பக்கம் திரும்பிவிட்டோம்" என்று சொல்லும்போது காது "இன்னும் இல்லை" என்றால் வயிறு புரட்டத்தான் செய்யும். கப்பலில் உள்ளறையில் உட்கார்ந்தவருக்கு வருவதும் இதே சண்டையால்தான், அங்கே கண் அசையவில்லை என்கிறது, காது அசைகிறோம் என்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆள் இல்லாமல் ஒரு முறை ஓட்டச் சொல்லுங்கள். கைபேசியை ஸ்லோ மோஷனில், வினாடிக்கு 240 ஃபிரேமில் (அதாவது 240 தனிப்படங்களாக) வைத்து, இருக்கையின் ஓரமும் திரையும் ஒரே காட்சியில் வரும்படி பக்கத்திலிருந்து எடுங்கள். தொடுவானம் சாயும் கணத்துக்கும் இருக்கை சாயும் கணத்துக்கும் நடுவே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 24 ஃபிரேம் வந்தால் வினாடியில் பத்தில் ஒரு பங்கு. படத்தின் தொடக்கத்தில் ஒரு இடம், முடிவில் ஒரு இடம் என இரண்டையும் எண்ண வேண்டும், அதுதான் முக்கியம்.

இரண்டிலும் தாமதம் ஒரே அளவாக இருந்தால், அமைப்பில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். போகப்போகக் கூடினால் வேறு நோய்.

சாட்ஸ்வர்த் வானம்பாடி:

தம்பி, மிக்க நன்றி. மேலாளர் மறுப்பே சொல்லவில்லை, காலையில் கதவு திறக்கும் முன் ஓட்டிக் காட்டினார். எடுத்துப் பார்த்தோம். தொடக்கத்தில் இரண்டும் ஒட்டித்தான் போகின்றன, கண்ணால் வித்தியாசம் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கடற்கரையில் இறங்கும் காட்சியில் திரை சாய்ந்து நன்றாக நேரம் கழித்துத்தான் இருக்கை சாய்கிறது. படம் மொத்தம் ஐந்து நிமிடம்.

ஃபீனிக்ஸ் மின்னியல் தம்பி:

அப்படியென்றால் அநேகமாக ஃபிரேம் வேகம் பொருந்தவில்லை. அமெரிக்க வீடியோ வழக்கில் 60 என்று பேச்சுக்குச் சொல்வது உண்மையில் 59.94. படம் 59.94-க்குத் தயாரித்ததாக இருந்து, புதுக் கருவி அதை முழு 60-இல் ஓட்டினால், ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் கூடும். ஐந்து நிமிடத்தில் அது கிட்டத்தட்ட 0.3 வினாடி. அசைவுக் கட்டளைகள் பழைய கணக்கிலேயே ஓடுவதால் இருக்கை பின்தங்குகிறது. 0.3 வினாடி என்பது உடம்புக்கு ரொம்பப் பெரிய இடைவெளி.

டெக்னீஷியனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கருவியின் வெளியீட்டு வேகம் எத்தனை? படமும் இருக்கையும் ஒரே நேரக்குறியீட்டை (இப்போது படத்தின் எந்தக் கணம் என்று சொல்லும் பொதுக் கடிகாரம் மாதிரி) பார்த்து ஓடுகின்றனவா, அல்லது "தொடங்கு" என்று ஒரு முறை சொல்லிவிட்டுத் தனித்தனியாகப் போகின்றனவா? இரண்டாவதுதான் நடக்கிறது என்றால், வேகத்தைத் திருத்துவதோடு நிற்காமல் இரண்டையும் ஒரே குறியீட்டில் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதுப் படத்திலும் இதே கதைதான்.

மின்சாரம் போவதற்கும் ஒரு வார்த்தை. லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) முன்னைப்போல் இல்லாவிட்டாலும் நம் பகுதியில் மின்சாரம் போவது நிற்கவில்லையே. ஜெனரேட்டர் எழும்ப எடுக்கும் சில வினாடிகளில் கருவி அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். படக்கருவிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் போதும். மின்சாரம் போன உடனே படத்தைத் தொடர முயலக்கூடாது. அரங்க விளக்கைப் போட்டு, இருக்கைகளை மெதுவாகக் கீழே இறக்கும்படி அமைக்க வேண்டும். இருட்டில் காத்திருக்க வைப்பதுதான் தவறு.

உம்லங்கா இளவல்:

அந்த இளைஞர் குழு கேட்ட 3டியை இங்கே யாரும் ஆதரிக்கவில்லை, நான் அதன் பக்கம் நிற்கிறேன். ஃப்ளோரிடாவில் 2017-இல் திறந்த 'அவதார்' பறப்பு 3டிதான். அதைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் தனி இருக்கையில் ஏறி உட்கார்ந்து பறக்கும்போது ஆழம் தெரிந்தால்தானே அது பறப்பு?

போர்ட் லூயிஸ் திரைக்காரர்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அரங்கை முதல் செங்கல்லிலிருந்தே 3டிக்காகக் கட்டினார்கள். 3டி கண்ணாடி போட்டால் கண்ணுக்கு வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். சின்னப் பூங்காவின் புரொஜக்டர் ஏற்கெனவே மங்கலாக இருக்கும், கண்ணாடியும் சேர்ந்தால் பகலே அந்திபோல் ஆகிவிடும். ஓர இருக்கையில் வளைவோடு ஆழமும் கோணலாகத் தெரியும். அந்தப் பணத்தைப் புதிய ஒளிமூலத்துக்கும் கூடுதல் ஃபிரேம் வேகத்துக்கும் போடச் சொல்வேன். 'சோரின்' முதல் படத்தை வினாடிக்கு 48 ஃபிரேமில் ஓட்டினார்கள், சாதாரண சினிமாவுக்கு 24. வேகமாக நகரும் தரை மங்காமல் தெரிந்ததற்கு அது பெரிய காரணம். முதலில் லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள், திரையில் படிந்த தூசியையும். கடற்கரை ஊரில் உப்புக்காற்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

சேன்ட் ஆந்த்ரேயிலிருந்து ஒரு வாசகர்:

ரீயூனியன் தீவிலிருந்து வணக்கம். எனக்கு இயந்திரம் தெரியாது, பறப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே மஃபாத் பள்ளத்தாக்குக்குச் சாலை கிடையாது, நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். அந்த ஹெலிகாப்டரில் போனவர் யாரைக் கேட்டாலும் ஒரே கணத்தைத்தான் சொல்வார்கள்: காட்டை ஒட்டித் தாழ்வாகப் பறந்துகொண்டே போய் மலை விளிம்பைத் தாண்டும் கணம். காலுக்குக் கீழே தரை சட்டென்று இல்லாமல் போகும். வேகம் கூடவே இல்லை, ஆனாலும் எல்லோரும் கத்திவிடுவார்கள்.

உங்கள் படத்துக்கு இப்படிப்பட்ட விளிம்புகள் வேண்டும். டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர் உங்களிடம்தானே இருக்கிறது! புல்வெளிமேல் நிதானமாகப் போய் ஆம்ஃபிதியேட்டர் பாறைச்சுவரைத் தாண்டட்டும். இன்னொன்று, ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டித் தாவ வேண்டாம், மேகத்துக்குள் நுழைந்து வெளியே வரட்டும். தொடுவானத்தை அடிக்கடி சாய்த்துச் சாய்த்துக் காட்டவும் வேண்டாம். கணினி வரைகலையில் செய்த திமிங்கிலம் தாவினால் பிள்ளைகளே பொய் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஜூன், ஜூலையில் உங்கள் கரையோரம் மத்தி மீன் கூட்டம் வருமே, மேலே பறவைகளும் டால்ஃபின்களுமாக, அதை ஒரு நாள் நேரில் படம்பிடித்தால் எந்த வரைகலையும் வேண்டாம்.

டோங்காட் அக்கா:

ஆமாம், ஊரைக் காட்டட்டும். 1860 நவம்பர் 16-இல் நம் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு 'ட்ரூரோ' கப்பல் மதராசிலிருந்து வந்து நின்ற கரை இது. அந்தக் கடலின் மேல் பறந்து வந்து, கரும்புத் தோட்டங்களைத் தாண்டி, ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்குக்குள் போனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் டிக்கெட் எடுத்து வருவார்கள். பாரிஸும் பிரமிடும் யாருக்கு வேண்டும்?

வாசனையையும் எழுதுங்கள். 'சோரின்' ஆரஞ்சு வாசனையை இத்தனை வருஷம் கழித்தும் ரசிகர்கள் மறக்கவில்லை. ஒரு விசிறியும் வாசனைப் புட்டியும்தான் செலவு. வெட்டிய கரும்பு, கடல், மழை பட்ட மண். மூன்று போதும், அதற்குமேல் போனால் கலந்து குமட்டும்.

வயதானவர்களுக்காக அசைவு குறைந்த ஓட்டமும் வேண்டும். டிஸ்னியின் 'மிஷன் ஸ்பேஸ்' 2003-இல் சுழலும் இயந்திரமாகத் திறந்து, பலருக்கு ஒத்துக்கொள்ளாததால் 2006-இல் சுழலாத வகையையும் சேர்த்தார்கள். நாளில் ஒரு சில ஓட்டத்தை அப்படி மென்மையாக வைத்தால் என்னைப்போன்றவர்களும் வரலாம்.

சாட்ஸ்வர்த் வானம்பாடி:

எல்லோருக்கும் நன்றி. டெக்னீஷியன் வந்து பார்த்தார். ஃபீனிக்ஸ் தம்பி சொன்னதேதான்: படம் 59.94, கருவி 60-இல் ஓடியது. வேகத்தை மாற்றியதும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இறங்கியதும் மறுபடி வரிசையில் போய் நின்றாள். நேரக்குறியீட்டில் கட்டும் வேலையைப் புதுப் படத்தோடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற யோசனைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். 3டி பற்றி இளவல் சொன்னதையும் அவர் வார்த்தையிலேயே சேர்த்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த வாரம் என் அம்மாவைக் கூட்டிப் போகிறேன். இப்போதைய படத்துக்கு எந்த இருக்கை நல்லது?

போர்ட் லூயிஸ் திரைக்காரர்:

நடுப் பகுதியில், முன்வரிசையில் உட்கார வையுங்கள் தங்கச்சி. இருக்கைகள் எழும்பும்போது முன்வரிசைதான் மேலே போகும் என்றால், பிறர் கால் கண்ணை மறைக்காது, படமும் நேராகத் தெரியும். 'சோரின்' ரசிகர்களும் கேட்டு வாங்குவது அந்த இடத்தைத்தான். உயரம் பயமென்றால் நடுப் பகுதியிலேயே கடைசி வரிசை. முன்கூட்டியே பணியாளரிடம் சொல்லி வையுங்கள், ஒரு சுற்று காத்திருந்தால் கொடுத்துவிடுவார்கள்.