ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

*திங்கள்கிழமை*

பெரியம்மா: கோயிலுக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கிறேன். இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. பாதம் இரண்டும் மரத்துக் கிடக்கிறது.

சித்தப்பா: சுகர்தான் மதினி, வேறென்ன? இத்தனை வருஷமானால் கால் மரக்கத்தான் செய்யும்.

நான்: பெரியம்மா, சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா சாப்பிடுறீங்க? நெஞ்செரிச்சல் மாத்திரை இன்னும் உண்டா?

பெரியம்மா: அது ஆச்சு 12 வருஷம். நெஞ்செரிச்சலுக்கும் தினமும் காலையில் ஒன்று.

நான்: நாக்கு எரியுதா?

பெரியம்மா: ரசமே காரமா இருக்கு. மருமகள் மிளகைக் கூட்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

மதினி: அத்தை! அதே அரை ஸ்பூன்தான் 😄

நான்: சுகராகவும் இருக்கலாம். ஆனால் பி12 வைட்டமின் குறைந்தாலும் கால் இப்படித்தான் மரக்கும், நாக்கும் எரியும். மெட்ஃபார்மினை ரொம்ப வருஷம் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேருவது குறையும். உணவிலிருந்து அதைப் பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும், நெஞ்செரிச்சல் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது. போதாததற்கு நம் வீடு சுத்த சைவம். கல்லீரலில் சில வருஷத்துக்கு இருப்பு இருக்கும் என்பதால் குறைவது சட்டென்று தெரியாது. அதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீங்க.

சித்தப்பா: ↪️ பலமுறை பகிரப்பட்டது: "பழைய சோறும் முருங்கைக்கீரையும் போதும், பி12 பறந்து வரும்!"

நான்: கீரையில் ஃபோலேட் என்ற வேறொரு வைட்டமின்தான் இருக்கு சித்தப்பா, பி12 கிடையாது. செடிகொடி எதுவும் அதைத் தயாரிக்காது, பாக்டீரியாதான் தயாரிக்கும். பழைய சோறு நல்லதுதான், பி12க்கு அதை நம்பி இருக்க முடியாது. சைவத்தில் பால், தயிர், பனீர்தான் வழி.

பெரியம்மா: பாலை விட்டு எத்தனையோ நாளாச்சு. கடுங்காப்பிதான்.

சித்தி: அக்கா, வீட்டில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை கிடக்கு. கொடுத்தனுப்பவா?

நான்: வேண்டவே வேண்டாம் சித்தி. அதுவும் ஃபோலேட்தான். பி12 குறைந்து ரத்தசோகை இருந்தால் இந்த மாத்திரையில் ரத்தசோகை சரியாகி ஆள் தெம்பாகத் தெரிவார், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். முதலில் ரத்த டெஸ்ட். அதுவரை சத்து மாத்திரை எதுவும் வேண்டாம், ரிப்போர்ட்டில் அளவு கூடிக் காட்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்க பெரியம்மா, ராத்திரி படுக்கும் முன் மதினியை உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்க.

*வெள்ளிக்கிழமை*

மதினி: ரிப்போர்ட் வந்தாச்சு. பி12 142. ஹீமோகுளோபின் 12.4. ரத்தம் நல்லாத்தானே இருக்கு?

நான்: 200க்குக் கீழே போனாலே குறைபாடுதான். ரத்தசோகை இல்லாமலும் நரம்பு பாதிக்கும், அதனால்தான் பலருக்குத் தெரியாமலே போகிறது. டாக்டர் என்ன சொன்னார்?

மதினி: முதலில் ஊசி, அப்புறம் மாத்திரை. மெட்ஃபார்மின் தொடரணுமாம்.

பெரியம்மா: முட்டை வேறு சாப்பிடச் சொல்கிறார்! கால் எப்போது சரியாகும்?

நான்: நாக்கு எரிச்சல் சீக்கிரம் அடங்கும். மரப்புக்கு மாசக்கணக்கில் ஆகலாம். ரொம்ப நாள் பட்டிருந்தால் கொஞ்சம் மிச்சமும் நிற்கலாம். முட்டை கட்டாயமில்லை.

பெரியம்மா: மாத்திரையாவது சைவமா?

நான்: பி12 பாக்டீரியா வளர்த்து எடுப்பதுதான். காப்ஸ்யூல் உறை ஜெலட்டினாக இருக்கலாம், அதனால் கடையில் மாத்திரையாகவே கேளுங்க.