முதல் வகை நீரிழிவோடு வலிப்பும்: அனுபவமுள்ள பெற்றோர் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. முதல் வகை நீரிழிவு. சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடுகிறோம். சென்ற மாதம் விடியற்காலையில் கைகால் வெட்டி இழுத்து, கண் செருகிக்கொண்டது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. சர்க்கரை தாழ்ந்ததால் வந்த வலிப்பு, இதைக் காக்காய் வலிப்பு என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மனம் கொஞ்சம் ஆறியது.

ஆனால் போன வாரம் பள்ளியில் மறுபடி வந்தபோது சர்க்கரை 130, தாழவே இல்லை. அதுதான் கலங்கடிக்கிறது. இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்குக் காக்காய் வலிப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2016-இல் வெளியான தைவான் ஆய்வு சொல்கிறது. அப்படியும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்துவிட வேண்டாம்.

இரண்டும் சேர்ந்த பிள்ளையை வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்: வலிப்பு மாத்திரை தொடங்கியபின் பசியும் எடையும் கூடி, இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருந்ததா? இரவில் சர்க்கரை இறங்கினால் ஒலி எழுப்பும் உணர்கருவி பயன்பட்டதா? தாழ்ந்த சர்க்கரையை விரைவில் ஏற்றும் குளுக்ககான் ஊசி எங்கே வாங்குகிறீர்கள்?

பள்ளியில் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் குளுக்கோஸ் தண்ணீர் ஊற்றப் பார்த்திருக்கிறார்கள். புரையேறினால் உயிருக்கே ஆபத்து! முதலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரையைப் பார்த்து, உடனே மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும். ஆசிரியர்களுக்குக் கொடுக்க எளிய தமிழில் குறிப்பு வைத்திருந்தால் தயவுசெய்து இங்கே பகிருங்கள். திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன்.