நாய் தத்து கொடுக்க ஆப்: முதலில் படமா, கேள்வியா?

அஸ்தம்பட்டி தம்பி:
சேலத்தில் ஒரு சின்ன நாய்க் காப்பகத்துக்காக நானும் இரண்டு நண்பர்களும் ஆப் செய்துகொண்டிருக்கிறோம். இப்போதைக்கு எல்லாம் வாட்ஸாப் குழுவில்தான். குட்டியின் படம் போட்டால் அரை மணி நேரத்தில் அது எங்கோ மேலே போய்விடுகிறது. ஒரே குட்டியை மூன்று பேர் கேட்டிருப்பார்கள், யாருக்குச் சரி சொன்னோம் என்பதே மறந்துபோகும். எங்கள் திட்டம் இது: திறந்ததும் படங்கள். தொட்டால் வயது, தடுப்பூசி, கருத்தடை விவரம். பெயரும் எண்ணும் கொடுத்தால் அன்றைக்கே காப்பகத்திலிருந்து அழைப்பு வரும். குறை இருந்தால் சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சி அக்கா:
தம்பி, நல்ல மனசோடு செய்கிறீர்கள். ஆனால் இப்படி வேண்டாம். ஒன்பது வருடமாக அடிபட்ட நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, தத்து கொடுத்து வருகிறேன். படம் பார்த்து வருகிறவர்கள் குட்டிதான் கேட்பார்கள், அதிலும் வெள்ளைக் குட்டி. என்னிடம் ஐந்து வயது கறுப்பு நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து "காது ஊனமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

அது இரண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த நாய். ஒரு வீட்டில் வாடகைக்கு விட்டவர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொரு வீட்டில் மாமியாருக்கு நாய் என்றாலே பயம். நாய் ஒரு தப்பும் செய்யவில்லை. முதலிலேயே இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அதற்கு இந்த அலைச்சலே இல்லை. கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு படத்தைக் காட்டுங்கள்.

அஸ்தம்பட்டி தம்பி:
அக்கா, இருபது கேள்வி கேட்டால் ஆள் ஓடிவிடுவார். நேராகக் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்துக் குட்டி வாங்குவார், அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. காப்பகத்தில் கூண்டு காலியானால்தான் அடுத்த நாய்க்கு இடம். அதோடு பார்வோ பயம் வேறு, குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய் அது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி முழுதும் போடாத குட்டிகளை நெருக்கமாக அடைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

ஏற்காட்டுக்காரன்:
நீங்கள் இரண்டு பேரும் நாயைக் கையில் கொடுக்கும் வரைதான் பேசுகிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கீழே ஓர் இடத்திலிருந்து குட்டி எடுத்து வந்தேன். ஐந்தாம் நாள் வாந்தி, பிறகு ரத்தமாகக் கழிச்சல். பார்வோ உள்ளே வந்து மூன்று முதல் ஏழு நாளில்தான் வெளியே தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கொடுத்தவர்கள் எண்ணுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி மருத்துவரிடம் போவதற்குள் மடியிலேயே போய்விட்டது.

அப்புறம் இரண்டு வருடம் நாய் பக்கமே போகவில்லை. நான்தான் ஏதோ தவறு செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் யாராவது அழைத்து "குட்டி சாப்பிடுகிறதா?" என்று கேட்டிருந்தால் போதும். உங்கள் ஆப்பில் அது எங்கே? மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் அழைப்பு வேண்டும். அடுத்த ஊசித் தேதி வேண்டும், மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி உட்பட. எஸ்டேட் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடையாது, அதனால் குறுஞ்செய்தியிலும் வர வேண்டும். முக்கியமாக, "திருப்பிக் கொடுக்கிறேன்" என்ற பொத்தான் முதல் திரையிலேயே இருக்க வேண்டும்.

கன்னங்குறிச்சி அக்கா:
குட்டியை நினைத்தால் மனசு வலிக்கிறது அண்ணா. ஆனால் அந்தப் பொத்தான் கூடாது. எடுக்கும்போதே திருப்பித் தர வழி காட்டினால், துணி மாற்றுவது போல நாயை மாற்றுவார்கள்.

ஏற்காட்டுக்காரன்:
இல்லாவிட்டால் மலைப்பாதை வளைவில் இறக்கிவிட்டுப் போவார்கள் அம்மா. நான் பார்த்திருக்கிறேன், காருக்குப் பின்னாலேயே ஓடி வரும். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அதற்கு யார் பயப்படுவார்கள்? திருப்பிக் கொடுக்க வெட்கப்படுகிறவன்தான் இருட்டில் கொண்டுபோய் விடுகிறான்.

அஸ்தம்பட்டி தம்பி:
இது எங்களுக்குத் தோன்றவே இல்லை அண்ணா. மூன்று அழைப்பையும் சேர்க்கிறோம். பொத்தானும் இருக்கும், அழுத்தினால் முதலில் ஒரு மனிதர் பேசுவார். அக்கா, நான்கு கேள்வி வைக்கிறேன்: வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வாடகை வீடா, பகலில் யார் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். ஆனால் படத்துக்குப் பிறகுதான் கேட்பேன்.

கன்னங்குறிச்சி அக்கா:
பொத்தான் விஷயத்தில் அண்ணா சொல்வது சரிதான். படம் விஷயத்தில் நான் மாறவில்லை. படம்தான் முதலில் என்றால், அதிக நாள் காத்திருக்கும் நாய் மேலே வரட்டும். அழகான குட்டியை யாரும் தேடிக்கொள்வார்கள். காது நுனி ஏன் வெட்டியிருக்கிறது என்று படத்துக்குக் கீழேயே ஒரு வரி எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி தம்பி:
செய்கிறேன் அக்கா. உங்கள் கறுப்பு நாயையே முதல் படமாகப் போடலாமா? ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.

கன்னங்குறிச்சி அக்கா:
வாங்க தம்பி. ஹெல்மெட்டைத் தெருமுனையிலேயே கழற்றிவிடுங்கள், அதைப் பார்த்தால் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கொஞ்சம் வேகவைத்த ஈரல் கொண்டு வந்தால் பத்து நிமிடத்தில் பக்கத்தில் வந்து உட்காருவாள்.