கொலஸ்ட்ரோல் கூடினபோது சமையலில் எதை மாற்றினீர்கள்? உங்கள் அனுபவங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

என் கணவருக்கு எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) 168 என்று ரிப்போர்ட் வந்ததும் சொந்தக்காரர் எல்லாரும் முட்டையை நிறுத்தச் சொன்னார்கள். டொக்டர் முட்டையைப் பற்றிப் பெரிதாகக் கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை தேங்காய் உடைக்கிறீர்கள்?" என்றுதான் கேட்டார். காலையில் இடியப்பத்துக்குச் சொதியும் சம்பலும், மத்தியானம் பால்கறி, இரவில் புட்டு. எல்லாவற்றிலும் தேங்காய். உணவில் உள்ள கொலஸ்ட்ரோலைவிட நிறைவுற்ற கொழுப்புத்தான் எல்.டி.எல்லை அதிகம் ஏற்றும், தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அதுதான் என்று விளக்கினார்.

தேங்காயே இல்லாமல் எங்கள் வீட்டில் சமைக்க முடியாது. அதனால் முதற்பாலை மட்டும் நிறுத்தினேன். சொதிக்கு இப்போது இரண்டாம் பால்தான். வெந்தயத்தை முதலே ஊறவைத்து, வெங்காயம், பச்சைமிளகாயோடு நன்றாக அவிய விட்டால் வழுவழுப்பு இறங்கிச் சொதி தடிக்கும். தேசிக்காய்ப்புளியை இறக்கிய பிறகுதான் விட வேண்டும், இல்லாவிட்டால் பால் திரைந்துவிடும். கத்தரிக்காயைப் பொரிக்காமல் பழப்புளியில் வைக்கிறேன். மாமி முதலில் முகம் சுளித்தார், இப்போது அவரே கேட்டு வாங்குகிறார்.

குறைத்ததைவிடச் சேர்த்ததுதான் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன். கிழமை நாட்களில் காலையில் அவித்த கடலை, பயறு அல்லது கௌபி. மத்தியானம் வெண்டிக்காயோ வல்லாரைச் சம்பலோ கட்டாயம். பருப்பு வகையிலும் வெண்டியிலும் இருக்கிற கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். ஈரல் புதிதாகப் பித்தம் செய்ய இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரோலைத்தான் எடுக்க வேண்டும். இதைக் கேட்டபிறகு இவரே கடலையை ஊறப்போடத் தொடங்கிவிட்டார். அடுத்த ரிப்போர்ட்டில் 141. மாத்திரை இல்லாமலே இறங்கியது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, என் பிரச்சினை வீட்டுச் சாப்பாடு அல்ல, கோட்டையில் ஒபிஸ் தேநீர் வேளை. றோல்ஸ், பற்றிஸ், அப்புறம் தடிப்பாக ஒரு பால் தேநீர். முழு ஆடைப் பால்மாவில் 100 கிராமுக்கு 26 கிராமாவது கொழுப்பு இருக்கும், அதில் பெரும்பங்கு நிறைவுற்றது. பிளேன்டீக்கு மாறினேன். ஆனால் அதற்குச் சீனியைக் கூட்டிப் போட்டால் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு ஏறும், கவனம். பத்து மணிப் பசிக்குக் கச்சான் ஒரு சுருளும் கொய்யாப்பழமும் போதுமாக இருக்கிறது. பொரித்த மீனுக்குப் பதில் சாளையோ சூடையோ புளி விட்டு அவித்த குழம்பு. மலிவு, ட்ரைகிளிசரைட்டுக்கும் நல்லது. பின்னேரம் காலிமுகத்திடலில் நடக்கும்போது இறால் வடை வாசனைதான் இன்னும் கஷ்டம் தருகிறது!

தெஹிவளையிலிருந்து:

வெள்ளவத்தை வீட்டில் இறங்கியது சந்தோஷம். எங்கள் வீட்டுக் கதை வேறு. என் அக்காவுக்கு எல்.டி.எல் 200க்கு மேல். குரக்கன் புட்டு, கீரை, அவித்த மீன் என்று அவ்வளவு கட்டுப்பாடாகச் சாப்பிட்டும் கொஞ்சம்தான் இறங்கியது. அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே மாரடைப்பு வந்ததைச் சொன்னதும், இது பரம்பரையாக வருவதாக இருக்கலாம், ஈரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்லைச் சரியாக எடுப்பதில்லை என்று டொக்டர் சொல்லி, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கினார். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் விடச் சொல்லவில்லை. இடையில் பக்கத்து வீட்டார் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டு மட்டும் சாப்பிடச் சொன்னார். அக்கா கேட்கவில்லை, நல்லகாலம். எல்.டி.எல் 190க்கு மேல் இருந்தால் உணவை மட்டும் நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். கூடப்பிறந்தவர்களையும் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். எங்கள் தம்பிக்கு ஒரு அறிகுறியும் இல்லை, சோதித்தபோது அவனுக்கும் கூடத்தான் இருந்தது.